சுவரோர இலைக்காரர்

எனக்குக் கல்யாணம் ஆனதற்கு ஒரு சாப்பாட்டுக் கடைதான் காரணம் என்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அப்பா ஏதோ பழைய கதையை ஊதிப் பெரிதாக்குகிறார் என்று நினைப்பு. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடுகிறேன். படித்துவிட்டுப் பிறகு சிரிக்கட்டும்.

1930களின் தொடக்கத்தில் நான் மலாய் நாட்டில், லாபிஸ் ரயில் நிலையத்தில் சரக்குக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். தோட்டங்களிலிருந்து வரும் ரப்பர் கட்டுகளை நிறுத்து, சீட்டு ஒட்டி, சிங்கப்பூர் போகும் பெட்டிகளில் ஏற்றி அனுப்புவது வேலை. கப்பலில் தனியாக வந்தவன். அப்பாவும் அம்மாவும் ஊரிலேயே காலமாகிவிட்டார்கள். இந்த நாட்டில் என்னை 'டேய்' என்று கூப்பிட உரிமையுள்ள ஆள் ஒருவர்கூடக் கிடையாது. கோபம் ஒன்றுதான் ஊரிலிருந்து என்னோடு பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் என் தலையைக் கண்டதுமே பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதை மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிலையத்துக்கு எதிரே பலகைக் கடைகள் ஒரு வரிசை. அதில் மூன்றாவது அந்தச் சாப்பாட்டுக் கடை. புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்தினார்கள். இருவரும் முதலில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். பிறகு அதை விட்டுவிட்டு இங்கே வந்து அடுப்பு மூட்டிவிட்டார்கள். அக்கா சமைப்பார், அண்ணன் பரிமாறுவார். வேறு ஆள் கிடையாது. வாசலில் ஒரு பலகை, அதில் சுண்ணாம்பால் 'சாப்பாடு 20 காசு' என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே எழுத ஒன்றும் இல்லை, ஏனென்றால் கடையில் வேறு ஒன்றும் இல்லை. புதிதாக வந்த யாராவது உட்கார்ந்துகொண்டு, "என்ன இருக்கு?" என்று கேட்டால் அண்ணன், "சோறு இருக்குங்க" என்பார். "வேற?" என்றால் இலையைப் போட்டுவிடுவார்.

இருபது காசுக்கு வயிறு கொள்ளுமட்டும் சோறு, சாம்பார், ஒரு கறி, ரசம், மோர், அப்பளம். என்ன கறி என்பதை அக்காதான் தீர்மானிப்பார். திங்கட்கிழமை கத்தரிக்காய், செவ்வாய்க்கிழமை சீனத் தோட்டக்காரர் காவடியில் கொண்டுவரும் கங்குங் கீரை, புதன்கிழமை பரங்கிக்காய். கவர்னரே வந்தாலும் புதன்கிழமை பரங்கிக்காய்தான். எனக்குப் பரங்கிக்காய் ஆகாது. அதன் தித்திப்பும் குழைவும் பச்சைப் பிள்ளைக்கு ஊட்டுகிற பண்டம் மாதிரி இருக்கும். மூன்று வருஷம் ஒவ்வொரு புதன்கிழமையும் அக்கா அதை என் இலையில் வைக்கச் சொன்னார். மூன்று வருஷமும் நான் அதை இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தேன். இருவரில் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தக் கடையில் நினைத்த நேரத்தில் போய்ச் சாப்பிட முடியாது. கல்யாண வீட்டைப் போலப் பந்திதான். ஒரு நீள மேசை, நீள விசுப்பலகை, பத்துப் பேர். பன்னிரண்டு மணிக்கு முதல் பந்தி, ஒரு மணிக்கு இரண்டாவது. பத்துப் பேரும் உட்கார்ந்த பிறகுதான் சோறு வரும். கடைசி ஆள் மோர் குடித்து முடிக்கும்வரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. இதைப் பலகையில் எழுதி மாட்டவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து ஆள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது அவரை அவமதிப்பது என்று ஊரிலிருந்தே வந்த வழக்கம். தனி ஆளாக வந்த எங்கள் பத்துப் பேருக்கும் ஒரு நாளில் அந்த அரை மணி நேரம்தான் குடும்பத்தோடு உட்கார்ந்த மாதிரி. அவரவர்க்கு வழக்கமான இடம் இருந்தது. என்னுடையது மேசையின் கடைசியில், சுவரை ஒட்டிய இடம்.

அடுப்படிக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே பலகைத் தடுப்பு. அதில் இடுப்பு உயரத்தில் ஒரு சதுரமான திறப்பு, பாத்திரங்களை நீட்டுவதற்காக அறுத்தது. அக்கா அடுப்புக்கு முன்னால் நின்றபடியே அந்தத் திறப்பு வழியாகக் கீழ்நோக்கிப் பார்ப்பார். அப்படிப் பார்த்தால் மேசையும், இலைகளும், முழங்கை வரைக்கும் கைகளும்தான் தெரியும். முகம் தெரிய வேண்டுமானால் குனிய வேண்டும். குனிந்து பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, வேற்று ஆண்களின் முகத்தைப் பார்ப்பதில் விருப்பமும் இல்லை. அதனால் எங்கள் எல்லாரையும் அவர் இலையாகவும் கையாகவும்தான் தெரிந்து வைத்திருந்தார். "மூணாவது இலைக்கு ரசம் ஊத்துங்க." "சுவரோர இலைக்குச் சோறு." உள்ளே இருந்து வரும் குரல் இப்படித்தான் இருக்கும். அந்தக் குரலைக் கேட்டு மூன்று வருஷம் சாப்பிட்டேன். முகத்தைப் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டேஷன் மாஸ்டர் எனக்காக ஓர் இடத்தில் பெண் கேட்டார். பெண்ணை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருந்தேன். அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். லாயாங் லாயாங் நிலையத்தில் கிராணிக்குக் காய்ச்சல் வந்து, பத்து நாள் அவருக்குப் பதிலாக நான் போயிருந்தேன். பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு மருந்துப் பெட்டி வந்திறங்கியது. அதை வாங்க அங்கே காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரெசர் தன் மகளோடு வந்தார். பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டு போத்தல் உடைந்து கிடந்தது. அவர் யார் உடைத்தது என்று கேட்டார். நானா உடைத்தேன் என்று பதிலுக்குக் கேட்டேன். குரல் ஏறிக்கொண்டே போனது. மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"சண்டையை அப்புறம் போட்டுக்கலாம். முதல்ல அந்தக் கண்ணாடியை அள்ளுங்க. ஆளுங்க வெறுங்காலோட நடக்கிற இடம்."

நான் குனிந்து அள்ளினேன். என் வாழ்க்கையில் அத்தனை சீக்கிரமாக என் கோபம் இறங்கியது அதுதான் முதல் தடவை. லாபிஸ் திரும்பிய பிறகு அந்தப் பெண்ணைத் தவிர வேறு நினைப்பு இல்லை. வெட்கத்தை விட்டு ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொன்னேன். அவருக்கு டிரெசரைத் தெரியும். கடிதம் எழுதினார்.

பதில் வந்தது. பையனைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று இருந்தது. அந்தக் காலத்தில் இங்கே தனி ஆளாக இருக்கும் மாப்பிள்ளையைப் பற்றி யாரிடம் கேட்பார்கள்? தாயில்லை, தகப்பனில்லை, தெருவில்லை. அதனால் இரண்டு பேரிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒன்று துணி வெளுக்கும் டோபி, ஏனென்றால் சட்டையில் கள் வாசனை அவருக்குத்தான் தெரியும். இன்னொன்று தினமும் சோறு போடும் கடை. ஸ்டேஷன் மாஸ்டரும், "வேலையைப் பத்தி நான் சொல்றேன். குணத்தைப் பத்திச் சாப்பாட்டுக் கடையில கேளுங்க" என்று எழுதிவிட்டார். நான் பெருமையாக ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். சுவரோர இலைக்காரர் என்று கேட்டால் போதும், அங்கே எல்லாருக்கும் தெரியும் என்று.

இதை எழுதிய இரண்டு வாரத்துக்குள் அந்த இடத்தை நானே கெடுத்துக்கொண்டேன்.

சிங்கப்பூருக்குப் போக வேண்டிய ஒரு பெட்டிக்கு நான் தப்பான சீட்டை ஒட்டிவிட்டேன். அது போகக் கூடாத இடத்துக்குப் போய் நின்றது. காலையில் எல்லார் முன்னாலும் எனக்குத் திட்டு விழுந்தது. தப்பு என்னுடையது என்பதால் பதில் பேச முடியவில்லை. பேச முடியாத கோபத்தைப் போல மோசமானது கிடையாது. அதைச் சுமந்துகொண்டு போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். அன்று ரசம் வர ஒரு நிமிஷம் தாமதமாயிற்று, அவ்வளவுதான். வந்ததும் ஒரு வாய் வைத்துவிட்டு, "இருபது காசுக்கு இதுவே போதும்னு நினைச்சுட்டீங்களா?" என்று கத்தினேன். இலையைத் தள்ளினேன், எழுந்தேன். ஒன்பது பேரும் இலையில் கை வைத்தபடி அப்படியே இருந்தார்கள். அண்ணன் ரச வாளியோடு நின்றார். நான் காசை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நிலையத்துக்கு வந்து சேர்வதற்குள் கோபம் போய்விட்டது. வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. மறுநாள் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. நாள் தள்ளத் தள்ள வாசற்படி உயர்ந்துகொண்டே போனது. சீனக் காப்பிக் கடையில் ரொட்டியும் அவித்த முட்டையும், நிலையத்து மரத்தடியில் மலாய்க்கார அம்மா விற்கும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் தின்று மூன்று மாதம் ஓட்டினேன். கடையைத் தாண்டிப் போகும்போது ஓரக்கண்ணால் பார்ப்பேன். சுவரோரத்தில் புதிதாக வந்த தபால் கிராணி உட்கார்ந்திருந்தார். சாது மனுஷன். பேசும்போதே மன்னிப்புக் கேட்பது போலத்தான் பேசுவார்.

டிரெசர் எந்தத் தகவலும் சொல்லாமல் ஒரு நாள் மத்தியான ரயிலில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நேராகச் சாலையைத் தாண்டிச் சாப்பாட்டுக் கடைக்குள் போனார். ஓடிப் போய் என்ன சொல்வது? ஒரு வண்டி ரப்பர் முன்னால் நிற்கிறது, எடை போட வேண்டும். எத்தனை கட்டு எடை போட்டேன் என்று எனக்கே தெரியாது. அந்த அக்கா என்ன சொல்வார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. பந்தியில் பாதியில் எழுந்து போன ஆளைப் பற்றி எந்த மனுஷி நல்லது சொல்வாள்?

ஒன்றரை மணிக்கு அவர் சிரித்த முகமாகத் திரும்பி வந்தார்.

"கை கழுவப் பின்பக்கம் போனேன். அந்த அம்மா அடுப்படி வாசல்ல நின்னாங்க. கல்யாண விஷயம்னு சொல்லிக் கேட்டேன். சுவரோர இலைக்காரர் எப்படின்னு" என்றார். "ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டாராம். போட்டது எதுவானாலும் சாப்பிடுவாராம், பரங்கிக்காய்கூட. போதும்னு கை காட்டுறதே மெதுவாத்தான் காட்டுவாராம். அப்படி ஒரு பொறுமையான கையை அவங்க பார்த்ததில்லையாம். அன்னிக்கு லாயாங் லாயாங்ல உங்களைப் பார்த்துட்டு நான் கொஞ்சம் யோசிச்சேன், தம்பி. இப்ப மனசு நிறைஞ்சிருச்சு. வீட்ல பேசிட்டு எழுதுறேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. பொறுமையான கை தபால் கிராணியுடையது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? அங்கேயே, "ஐயா, அது நான் இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். நன்றி என்று சொல்லி ரயில் ஏற்றி அனுப்பினேன்.

மூன்று நாள் தாங்கினேன். மனசு ஆயிரம் சமாதானம் சொன்னது. நான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே, கேட்டவர் தப்பாகக் கேட்டார், சொன்னவர் தப்பாகச் சொன்னார், கல்யாணத்துக்குப் பிறகு நான் பொறுமையாக இருந்துவிட்டால் அது உண்மையாகிவிடுமே. எல்லாம் சரிதான். ஆனால் கண்ணாடியை அள்ளச் சொன்ன அந்தப் பெண் இன்னொருவனை நினைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து இறங்குவாள் என்பதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

நான்காம் நாள் மூன்று மணி இருக்கும். கடையின் பின்பக்கம் போனேன். அக்கா அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். அன்றுதான் அந்த முகத்தைப் பார்க்கிறேன்.

"சாப்பாடு முடிஞ்சிருச்சுங்க. இனிமே சாயங்காலம்தான்."

"சாப்பிட வரலைக்கா."

நிமிர்ந்து பார்த்தார். மூன்று வருஷம் எனக்குச் சோறு போட்டவருக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கு வேறு வழி தோன்றவில்லை. வலது கையை நீட்டினேன். அதில் சுண்டு விரல் வளைந்திருக்கும், ஒரு தடவை சரக்குப் பெட்டிக் கதவில் நசுங்கியது.

கையைப் பார்த்ததும், "பரங்கிக்காய்" என்றார்.

"ஆமாங்க்கா."

"அன்னிக்கு எழுந்து போனது நீங்கதானே?"

"நான்தான்."

"என்ன குறைஞ்சுது அன்னிக்கு? உப்பா? புளியா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். "அதுக்கப்புறம் ஒரு வாரம் ரசத்தை இறக்குறதுக்கு முன்னாடி நாலு தடவை வாயில விட்டுப் பார்த்தேன். எனக்கு ஒண்ணும் தெரியலை."

நான் அந்த வாசலில் நின்ற நிலையை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. ஒரு நிமிஷக் கோபத்தை அங்கே கொட்டிவிட்டு நான் போய்விட்டேன். இவர் ஒரு வாரம் தன் கைமேலேயே சந்தேகப்பட்டிருக்கிறார்.

"ரசத்துல ஒண்ணும் இல்லைக்கா. ஸ்டேஷன்ல வாங்கின திட்டை இங்க வந்து கொட்டிட்டேன். என்னை மன்னிச்சிருங்க" என்றேன். பிறகு டிரெசர் வந்த கதையைச் சொன்னேன். அவர் கேட்டது என்னைப் பற்றி. அக்கா சொன்னது இப்போது சுவரோரம் உட்காரும் தபால் கிராணியைப் பற்றி.

அக்கா தேய்ப்பதை நிறுத்திவிட்டார். கழுவாத கையோடு படியில் உட்கார்ந்தார்.

"கல்யாண விஷயம்னு சொன்னாரே. அதனாலதான் நல்லா யோசிச்சுச் சொன்னேன். ஒரு பொண்ணு விஷயத்துல என் வாயால தப்பா வந்திருச்சே."

"நான் கடுதாசி எழுதிடறேன், அக்கா. எல்லாத்தையும் எழுதிடறேன்."

"நீங்க எழுதினா அது நீங்க எழுதினது" என்றார். "நான் சொன்ன வார்த்தையை நான்தான் போய் எடுக்கணும்."

உள்ளே திரும்பி அண்ணனைக் கூப்பிட்டு, நாளைக்குக் கடை இல்லை என்றார். அண்ணன் அவரையும் என்னையும் பார்த்தார். "கடைக்குப் பூட்டே இல்லையே" என்றார். உண்மைதான். கடை திறந்த நாளிலிருந்து ஒரு நாளும் மூடியதில்லை, பூட்டு வாங்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. அன்று சாயங்காலம் பக்கத்துச் சீனர் கடையில் ஒரு பூட்டு வாங்கினார்கள்.

மறுநாள் காலை இருவரும் மேடைக்கு வந்தார்கள். அக்கா பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலையை எடுத்துக் கட்டியிருந்தார், மடிப்பின் தடம் அப்படியே தெரிந்தது. கையில் குடை. அண்ணன் சட்டைக்கு மேல் துண்டு. கடையைப் பூட்டிவிட்டு வந்தவர் சாவியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தார். வண்டி தெற்கே போனதும் நான் சரக்கு மேடையில் உட்கார்ந்துவிட்டேன். என் கல்யாணம் அந்த வண்டியோடு போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன். அழுகை வந்தது. மறைக்கவில்லை. மூட்டை தூக்கும் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, "கிராணி, என்னா லா, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

மத்தியானம் சாப்பாட்டுக் கடை வாசலில் ஒன்பது பத்துப் பேர் அந்தப் பூட்டைப் பார்த்தபடி நின்றார்கள். தபால் கிராணி அதைத் தொட்டுக்கூடப் பார்த்தார். "அலமாக், இன்னிக்கு வெள்ளிக்கிழமை, பாயசம் இருக்குமே" என்று ஒருவர் புலம்பினார். யாரால் இந்தப் பட்டினி என்று அவர்களுக்குத் தெரியாது. நான் சரக்குக் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை.

சாயங்கால வண்டியில் இருவரும் திரும்பினார்கள். இறங்கும் இடத்தில் நின்றேன்.

"என்னக்கா சொன்னீங்க?"

"பார்த்ததைச் சொன்னேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. இரண்டடி போய்த் திரும்பி, "நாளைக்குப் பந்திக்கு வாங்க. வெளியில தின்னு தின்னு கை மெலிஞ்சு கிடக்கு" என்றார்.

போனேன். தபால் கிராணி என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோர இடத்தைக் காட்டினார். வேண்டாம் என்று நான் நடுவில் உட்கார்ந்தேன். புதன்கிழமை வந்தது. பரங்கிக்காயும் வந்தது. ஒரு நிமிஷம் கையில் எடுத்துப் பார்த்தேன். திரும்ப வைத்து ஓரமாக ஒதுக்கிவிட்டேன். என்னைப் பற்றி இனி ஒரு தப்பான தகவல் அந்தத் திறப்பு வழியாகப் போக வேண்டாம் என்று நினைத்தேன். உள்ளே இருந்து சின்னதாக ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது போல் இருந்தது.

ஒன்பதாம் நாள் டிரெசர் வந்தார். இந்தத் தடவை கடைக்குப் போகவில்லை, நேராக என் மேசைக்கு வந்தார். நான் எழுந்து நின்று, அவர் வாய் திறக்கும் முன், "நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும், ஐயா" என்றேன்.

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, உங்க கோபத்தை நான் என் கண்ணால பார்த்தவன். அது எனக்குப் பெரிய பயம் இல்லை. உங்களுக்கு இங்க யாரும் இல்லைங்கிறதுதான் பயம். நாளைக்கு என் பொண்ணுக்கு ஒண்ணுன்னா உங்களை நிறுத்திக் கேட்க யாரு இருக்கான்னு யோசிச்சேன். உங்க குறையைச் சொல்றதுக்குன்னு ரெண்டு பேரு பொழைப்பை மூடிட்டு ரயிலேறி வந்தாங்க. அது போதும் எனக்கு."

கல்யாணம் லாயாங் லாயாங்கில் சின்ன அளவில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் எங்கே என்று யாரோ கேட்டார்கள். அக்காவும் அண்ணனும் முன்னால் வந்து நின்றார்கள். அம்மா செய்ய வேண்டியதை அக்கா செய்தார். அவருக்கு அதெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்தது போலச் சரளமாக வந்தது. எனக்குத்தான் கண்ணை நிமிர்த்த முடியவில்லை.

இதுவரை எழுதியது எனக்குத் தெரிந்த பாதி. தெரியாத பாதியை என் மனைவி கல்யாணமாகி ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னாள்.

முதல் தடவை அவள் அப்பா லாபிஸிலிருந்து திரும்பி, மாப்பிள்ளை பொறுமைசாலி, போட்டதைப் பேசாமல் தின்கிறவர் என்றெல்லாம் சொன்னபோது அவள் உடனே சொல்லிவிட்டாளாம்.

"அப்பா, அது அந்த ஆள் இல்லை. போத்தல் உடைஞ்சதுக்கு உங்களோட அந்தச் சண்டை போட்டவரு பொறுமைசாலியா? ஒண்ணு அந்தக் கடைக்காரங்க பொய் சொல்றாங்க, இல்லைன்னா அவரு சொல்லிக் கொடுத்திருக்காரு. சொல்லிக் கொடுக்கிற ஆளு எனக்கு வேண்டாம்."

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் அவள் அசையவில்லை. வேறு வழியில்லாமல், சம்மதமில்லை என்று ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் தோட்டத்துத் தபாலோடு அனுப்புவதற்காக ஒட்டி மேசையில் வைத்திருந்தார். அந்த மறுநாள்தான் கையில் குடையோடு ஒரு அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றாராம்.

உள்ளே கூப்பிட்டும் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாராம்.

"நான் போன தடவை சொன்னது வேற ஆளைப் பத்தி. நீங்க கேட்ட ஆளு இவரு. பரங்கிக்காய் தொட மாட்டாரு. ரொம்ப அவசரம். ஒரு நாள் கோபத்துல பந்தியில பாதியில எழுந்து போயிட்டாரு, மூணு மாசம் வரலை. நேத்து அவராவே வந்து, நீங்க தப்பா சொல்லிட்டீங்க, நான் அவ்வளவு நல்லவன் இல்லைன்னு சொன்னாரு. இன்னொண்ணு. பக்கத்து இலைக்குச் சோறு வர்றவரைக்கும் இவரு தன் சோத்தைத் தொட மாட்டாரு. யாருக்காவது விட்டுப் போச்சுன்னா விரலால மேசையைத் தட்டி எனக்குக் காட்டுவாரு. மூணு வருஷமும் அப்படித்தான். கெட்டதை மட்டும் சொல்லிட்டுப் போனா அதுவும் பொய்யாயிரும்னு இதையும் சொல்றேன்."

நான் அப்படித் தட்டியது எனக்கு ஞாபகமே இல்லை. இந்த நாட்டில் எனக்கு யாருமே இல்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மூன்று வருஷமும், தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அந்தம்மா பேசி முடிச்சதும் அப்பா என்னைப் பார்த்தாரு" என்றாள் என் மனைவி. "நான் போய் மேசையில இருந்த கடுதாசியை எடுத்து அடுப்புல போட்டேன். அவங்களுக்குக் காப்பி போட அடுப்பு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு."